பொறி எண்ணட்டும், மனிதன் சரிபார்க்கட்டும்!

அமெரிக்காவின் 'ஃபர்ஸ்ட்' அமைப்பு மாணவர்க்கென ரோபோப் போட்டி நடத்துகிறது. 2022-ஆம் ஆண்டு ஆட்டத்திலே, கூடையில் வீழ்ந்த பந்துகளை எண்ணியது யார்? மனிதரல்ல, மின்பொறி! பொதுவாக 20 பந்து போட்டால் தரவரிசைக்குத் தனிப்புள்ளி ஒன்று. பொறி ஒரு பந்தை எண்ணத் தவறினால்? அந்தப் புள்ளியே போயிற்று!

மாணவர் பெரும்பிழை செய்தால் எதிரணிக்கு 8 புள்ளி. பொறி பிழை செய்தால் தண்டனை யாருக்கு? அதுவும் மாணவருக்கே!

முறையிடலாம், தலைமை நடுவரிடம். ஆனால், படம்பிடித்த சான்றை அவர் பார்க்கவே கூடாதென்றது விதி. கண்ணைக் கட்டிவிட்டுத் தீர்ப்புக் கேட்பதா?

கூலிக் கணக்கைக் காட்டு என்று கேட்கும் தோழர்களே, பிள்ளைகள் கேட்பதும் அதுவன்றோ!

பொறியை வெறுப்பவரல்லர் நாம். அது எண்ணட்டும்; ஐயம் எழுந்தால் மனிதன் சரிபார்க்கட்டும். நேரம் சிறிது போகும், நீதி நிலைக்கும்!