பால்கனி வழியே வரும் வெயில்

அந்தியூர், பவானி, கோபி பக்கம் இப்போது எழும் மாடி வீடுகளில் பால்கனி இல்லாத வீடு அபூர்வம். எலிவேஷனுக்கு அழகு, துணி காயப்போட வசதி. மேற்குப் பார்த்த பால்கனியாக இருந்துவிட்டால் இன்னொன்றும் கூடவே வருகிறது. இரவு ஒன்பது மணிக்கும், பால்கனிக் கதவை ஒட்டிய தரையில் காலை வைத்தால் வெதுவெதுவென்று இருக்கும்.

காரணம் எளிது. பால்கனியும் அறையின் தளமும் ஒரே கான்கிரீட் பலகை. சுவர் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறதே தவிர, நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. செங்கல்லைவிடக் கான்கிரீட் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். வெளியே காய்ந்த சூடு நேராக உள்ளே நடந்து வருகிறது. இதைத்தான் பொறியாளர்கள் வெப்பப் பாலம் என்கிறார்கள்.

குளிர்நாடுகளில் தொல்லை தலைகீழ். அங்கே அறையின் சூடு பால்கனி வழியாக வெளியே ஓடிவிடும். குளிர்ந்துபோன மூலையில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். ஜெர்மனியின் ஷோக் நிறுவனம் 1983-லேயே இதற்கென ஒரு இணைப்பைக் கொண்டுவந்தது. தளத்துக்கும் பால்கனிக்கும் நடுவே சூடு கடத்தாத ஒரு பட்டை. பாரத்தைத் தாங்க அதன் ஊடே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். சாதாரணக் கம்பி கடத்தும் சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் இந்த எஃகு கடத்தும்.

எந்த இணைப்பில் எவ்வளவு சூடு கசியும் என்பதைக் கட்டும் முன்பே கம்ப்யூட்டரில் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 'தெர்ம்' என்ற மென்பொருளை இலவசமாகவே தருகிறது. சுவரும் தளமும் சேரும் இடத்தைக் குறுக்கே வெட்டியதுபோல வரைந்து, எது செங்கல், எது கான்கிரீட், உள்ளேயும் வெளியேயும் எத்தனை டிகிரி என்று சொன்னால் போதும். சூடு நுழையும் பாதையை நிறம் நிறமாகக் காட்டிவிடும்.

இதைப் படித்துவிட்டு மேஸ்திரியிடம், "நடுவில் தெர்மாகோல் வைங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. தூண் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியைத் தாங்குவதே, அதன் மேல்பக்கமாக அறைத் தளத்துக்குள் ஓடும் கம்பிகள்தான். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அந்தக் கம்பி கீழே இறங்கினாலே ஆபத்து. நடுவில் இடைவெளி விடுவதென்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுத் தர வேண்டும்.

நம் ஊருக்குச் சுலபமான வழி, பால்கனிக்குத் தனித் தூண் கொடுத்து, வீட்டோடு ஒட்டுமிடத்தைக் குறைப்பது. இதற்கும் இன்ஜினியர் வரைபடம் வேண்டும். பழைய ஓட்டு வீட்டுத் திண்ணையின் சாய்ப்பும் தன் தூண்களில்தானே நின்றது?

செலவுக்கு வரிசை பார்த்தால் மொட்டை மாடிக்குத்தான் முதலிடம். மேல்மாடி வீட்டுக்குள் சூடு அதிகம் இறங்குவது அந்த வழியாகத்தான். ஏற்கெனவே பால்கனி கட்டிவிட்டவர்கள், வெயில் தளத்தில் படாமல் மூங்கில் தட்டியோ பச்சை வலையோ கட்டலாம். கறுப்பு கிரானைட் பதிக்க நினைத்திருந்தால், அதற்குப் பதில் வெளிர்நிற டைல்ஸ் பதிக்கலாம்.