ஒடிந்த வில்லும் உரிய கருவியும்

நம் மன்றக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் முழக்கங்கள் இரண்டு. ஒன்று, உழைப்பே உயர்வு என்பது. மற்றொன்று, தமிழர் அறிவியலில் தலைநிமிர வேண்டும் என்பது. இரண்டிற்கும் கைதட்டுகிறோம். ஆனால் உழைப்பையும் அறிவியலையும் ஒரே கையில் பிடிக்கச் சொன்னால் நம்மில் பலர் அந்தக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறோம். படித்தவன் கையில் எண்ணெய்க்கறை படியலாகாது. பட்டறையில் நிற்பவனுக்குப் படிப்பு வேண்டியதில்லை. எவரோ என்றோ போட்டுவைத்த இந்தக் கோட்டைத் தாண்ட நமக்கு மனம் வருவதில்லை.

இக்கோட்டை அழிக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதைப் பெரிய பேச்சாகப் பேசாமல், சிறியதொரு பொருளைக் கொண்டு சொல்ல விழைகிறேன். மோட்டார் வண்டியின் ஒடிந்த ஸ்பிரிங்கை வீட்டு வாசலிலேயே மாற்றலாமா, கூடாதா? இதுவே நான் எடுத்துக்கொண்ட வினா.

மாற்றலாம் என்பது என் துணிபு. உரிய கருவி இல்லாமல் மாற்றவே கூடாது என்பதும் அதே துணிபின் மறுபாதி. முன்பாதியை மட்டும் சொல்பவன் முரடன். பின்பாதியை மட்டும் சொல்பவன் சோம்பேறி. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே அறிவியல் மாணவனுக்கு அழகு.

வில் ஏன் ஒடிகிறது?

பழைய அம்பாசடர் வண்டியின் பின்புறத்தில் இருந்தது பட்டை ஸ்பிரிங். எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய கட்டு அது. ஒரு பட்டை ஒடிந்தால் அதை மட்டும் கழற்றி வேறொன்று போடுவர். லாரிப் பட்டறைகளில் இன்றும் இவ்வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. அதன் முன்சக்கரங்களில் இருந்தது, அமெரிக்கப் பொறியாளர் மெக்பர்சன் பெயரால் வழங்கும் தூண் அமைப்பு. அதிர்வைத் தணிக்கும் குழாயும், அதைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரே தூணாக நிற்கும் அமைப்பு அது. இன்று நம் தெருக்களில் ஓடும் சிறு வண்டிகளில் பெரும்பாலானவற்றின் முன்புறம் இதுதான்.

சுருள் ஸ்பிரிங் அமுங்கும்போது அதன் கம்பி வளைவதாகவே நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது பெரும்பாலும் முறுக்கப்படுகிறது. ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஒவ்வொரு குழியிலும், ஒவ்வொரு வேகத்தடையிலும் அக்கம்பி முறுக்குண்டு மீள்கிறது. முறுக்கத்தின் கடுமை மிகுவது கம்பியின் மேற்பரப்பில். அந்தப் பரப்பைக் காப்பது மெல்லிய வண்ணப்பூச்சு. சிறு கல் தெறித்துப் பூச்சு பெயர்ந்தால் ஈரம் புகும். துரு ஊசிமுனை அளவு குழி பறிக்கும். அக்குழியில் விரிசல் பிறக்கும். பிறகு ஒருநாள் ‘டக்’ என்றோர் ஓசை. சேறும் நீரும் தேங்கும் கீழ்ச்சுற்றே பெரும்பாலும் ஒடியும். ஒடிந்த முனை கத்தியைப் போன்றது. அது டயரைக் கிழித்தால் வண்டியில் இருப்போர் நிலை என்னவாகும்? ஆகவே, “ஓடும்வரை ஓடட்டும்” என்று விட்டுவைக்கத்தக்க பழுது அன்று இது.

வாசலில் நடந்த வேலை

நான் தங்கியிருப்பது பெங்களூரின் கிழக்குப் பகுதியில், காக்ஸ் டவுனை அடுத்த ஜீவனஹள்ளியில், என் தாய்மாமன் வீட்டில். தருமபுரிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்த அவர் வாடகை வண்டி ஓட்டுகிறார். சென்ற மழைக்காலத்தில் அவர் வண்டியின் இடப்பக்க முன் ஸ்பிரிங் ஒடிந்தது. பட்டறையில் மூன்று நாள் ஆகும் என்றார்கள். மூன்று நாள் வண்டி நின்றால் மூன்று நாள் வருமானமும் நிற்கும். வண்டிக் கடனின் தவணை மட்டும் நிற்காது.

அக்கம்பக்கத்தார் கூடி ஆளுக்கொரு வழி சொன்னார்கள். “கட்டுக்கம்பி போட்டு இறுக்கிக் கட்டினால் போதும். நடுவில் இருக்கும் நட்டைக் கழற்றிவிட்டால் தூண் தானே பிரிந்துவிடும். நாங்கள் எத்தனை பார்த்திருக்கிறோம்!” என்றார் அனுபவமுள்ள ஒருவர். மாமா என்னைப் பார்த்து, “நீ என்ன மாப்பிள்ளை சொல்றே? பெளதிகம் படிக்கிறவன் நீதானே” என்றார். நான் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

ஸ்பிரிங்கின் விதியை இராபர்ட் ஊக் 1676-இல் ஓர் எழுத்துப் புதிராக வெளியிட்டு, 1678-இல் அப்புதிரைத் தாமே விடுத்தார். எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவு எதிர்விசை என்பதே அது. ஒரு மில்லிமீட்டர் அமுங்க 20 நியூட்டன் விசை வேண்டும் ஸ்பிரிங் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதை 15 சென்டிமீட்டர் அமுக்கினால் 3,000 நியூட்டன். அதாவது ஏறத்தாழ 300 கிலோ பாரம். அதனுள் அடங்கிக் கிடக்கும் ஆற்றல் 225 ஜூல். ஐந்து கிலோ எடைக்கல்லை நாலரை மீட்டர் உயரத்திலிருந்து தலையில் போட்டால் என்ன ஆகுமோ, அதுவே கட்டுக்கம்பி அறுந்தாலும் ஆகும்.

“சக்கரத்தைத்தான் தூக்கிவிட்டோமே, இனி ஸ்பிரிங்கில் என்ன பாரம்?” என்று கேட்பார்கள். பலர் இடறும் இடம் இதுதான். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதும் தூணின் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் இடையே ஸ்பிரிங் அமுங்கியே இருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது உச்சியிலுள்ள அந்த ஒற்றை நடு நட்டுதான். ஸ்பிரிங்கை அமுக்காமல் அதைக் கழற்றுவது, ஏற்றி வைத்த வில்லின் முன் முகத்தைக் காட்டி நிற்பதற்கு ஒப்பாகும்.

எங்கள் பகுதியில் ஒரு சிறு பட்டறையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவருக்கு வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்கா. பதினாறு வயதில் கம்பி கட்டி ஸ்பிரிங் கழற்றியபோது நேர்ந்தது என்றார். அவர் வீரத்துக்குக் குறைவில்லை, கைத்திறனுக்கும் குறைவில்லை. குறைந்தது கருவி ஒன்றே. அதை வாங்கித் தராதவர் நட்டமடையவில்லை. விரலை இழந்தவர்தான் நட்டமடைந்தார்.

மாமா கம்பியைக் கீழே போட்டார். ஸ்பிரிங் அமுக்கும் கம்ப்ரசர் ஒரு சோடி, வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு இரண்டு, டார்க் ரெஞ்ச் ஒன்று ஆகியவற்றை நாள் வாடகைக்கு எடுத்து வந்தோம். ஞாயிறு காலை தொடங்கிய வேலை பிற்பகலில் முடிந்தது.

முறை அறிந்து செய்க

இவ்வேலையின் ஒழுங்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். கைப்பிரேக் போட்டுப் பின்சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கு அன்று. தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்கிய பிறகே வண்டியில் கை வைக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றி, பிரேக் குழாயையும் மின்கம்பியையும் தூணிலிருந்து விடுவித்து, கீழ் போல்ட்டுகளையும் மேலே விளிம்பிலுள்ள நட்டுகளையும் கழற்றினால் தூண் முழுதாக வெளியே வரும். அதுவரை நடு நட்டைத் தொடவே கூடாது.

பின்னர்க் கம்ப்ரசர்கள் இரண்டையும் ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில், ஒடியாத நல்ல சுற்றுகளில் மாட்ட வேண்டும். இதில் நாலு சுற்று, அதில் நாலு சுற்று என மாறி மாறிக் கையால் முறுக்க வேண்டும். அவசரப்பட்டு இயந்திரத் துப்பாக்கியால் முறுக்கினால் கருவியின் மரை கெடும். ஸ்பிரிங்கின் நேர்க்கோட்டில் முகமோ மார்போ இருத்தல் ஆகாது. ஸ்பிரிங் தட்டுகளை விட்டுத் தளர்ந்து ஆடும் நிலை வந்தபின்னரே நடு நட்டுக்கு முறை வரும். நடுச்சுற்று ஒடிந்து கொக்கிகளுக்குப் பிடிமானம் இல்லையென்றால், அதற்குமேல் வாசலில் செய்யாமல் பட்டறைக்கு எடுத்துச் செல்க. எங்கே நிறுத்துவது என்று அறிவதும் தொழிலறிவே.

புதிய ஸ்பிரிங் அந்த வண்டிக்கே உரிய எண்ணுடையதாக இருக்க வேண்டும். “பார்த்தால் அதே போலத்தானே இருக்கிறது” என்று பழைய இரும்புக் கடையில் பொறுக்கலாகாது. கம்பியின் தடிமன் பத்தில் ஒரு பங்கு கூடினாலே அதன் விறைப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். தடிமனின் நான்காம் அடுக்கில் விறைப்பு ஏறுகிறது என்பது கணக்கு. ஒரு பக்கம் ஒடிந்தாலும் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையேல் வண்டி ஒருபுறம் சாயும். ஜே.சி. சாலைக் கடைகளில் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்கி வந்தோம். போல்ட்டுகளை வண்டியின் கைந்நூல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்கினோம். மறுநாள் சக்கர அலைன்மென்ட் பார்த்த பிறகே மாமா சவாரிக்குப் புறப்பட்டார்.

மறுப்போர்க்கு ஒரு சொல்

“மெக்கானிக்கின் பிழைப்பில் மண் போடுகிறாயா?” என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. இல்லை. வேலையின் கடினத்தைக் கையால் அறிந்தவனே வேலை செய்பவனின் கூலியில் பேரம் பேச வெட்கப்படுவான். கம்ப்ரசர் இல்லாத பட்டறையில், “அது இல்லாமல் செய்யாதீர்கள் அண்ணா, நான் காத்திருக்கிறேன்” என்று சொல்லவும் அவனுக்கே தெரியும்.

“படித்தவனுக்கு ஏன் இந்த வேலை?” என்போர்க்குக் கோவை ஜி. டி. நாயுடுவை நினைவூட்டுவேன். 1893-இல் கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், உணவு விடுதியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதை அக்கக்காகப் பிரித்து மீண்டும் பூட்டினார். 1920-இல் ஒற்றைப் பேருந்தைத் தாமே ஓட்டித் தொழில் தொடங்கினார். பிரித்துப் பார்த்த கையிலிருந்து எழுந்த அறிவு அது. நம்மிடம் ஏடு இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காயைக் கறியாக்குவது எப்போது?

மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஒரு சோடி கம்ப்ரசரை ஒரு குடும்பம் ஆயுளில் இரண்டு மூன்று முறை பயன்படுத்தினால் அதிகம். அதற்காக ஒவ்வொருவரும் வாங்குவது வீண். வாங்காமல் கம்பி கட்டுவதோ கேடு. இதற்கு விடை பொதுவில் வாங்குவதே. நூலைப் பொதுவில் வாங்கி நூலகம் வைக்கத் தெரிந்த நாம் கருவியைப் பொதுவில் வாங்கிக் கருவியகம் வைக்கலாகாதா?

கம்ப்ரசர் ஒரு சோடி, ஸ்டாண்டு இரண்டு, டார்க் ரெஞ்ச் ஒன்று, சாக்கெட் பெட்டி ஒன்று, கண்ணாடிக் காப்பு சில. ஆண்டு விழாவில் பொன்னாடைக்கும் மலர்மாலைக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினால் சில ஆண்டுகளில் பெட்டி நிறைந்துவிடும். கொடுத்து வாங்கும் கணக்குக்கு ஒரு குறிப்பேடு போதும். திரும்பி வரும் கருவியின் மரையும் கொக்கியும் பழுதில்லையா என்று பார்த்த பின்னரே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கருவியோடும், அதை எப்படிக் கையாள்வது, எதைச் செய்யவே கூடாது என்பதை எளிய தமிழில் எழுதிய ஒற்றைத் தாள் இருக்க வேண்டும். அதை எழுதும் பொறுப்பை அறிவியல் மாணவர்களாகிய நாமே ஏற்போம். நம்மைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளில் தமிழும் கன்னடமும் பேசி உழைக்கும் இளைஞர்களுக்கும் அப்பெட்டி திறந்திருக்க வேண்டும். கன்னட நண்பர்கள் அத்தாளைத் தம் மொழியில் எழுதித் தர மறுக்கமாட்டார்கள்.

தமிழ் வளர வேண்டும் என்கிறோம். நடு நட்டைத் தொடாதே என்று ஒரு பட்டறைச் சிறுவனைத் தக்க நேரத்தில் தடுக்கும் தமிழும் வளர்ந்த தமிழே. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை நான் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். வழிமொழிய முன்வரும் தோழர்கள் கையுயர்த்துக. எண்ணெய்க்கறை படிந்த கையாயின் இருமடங்கு மகிழ்ச்சி.