பலித்ததா? எண்ணிப் பாருங்கள்!

காஞ்சீபுரத்தில் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்யும் ஒருவர் மாதக்கணக்காய் இருமிப் பிறகு தேறினால், வேண்டுதல் பலித்தது என்று முடி இறக்குகிறார்கள். தேறாமல் செத்தாலோ, அது அவர் தலைவிதி என்கிறார்கள். பிழைத்தாலும் செத்தாலும் சாமிக்கு நஷ்டமில்லை! தோற்கவே இடமில்லாத கணக்கு ஒரு கணக்காகுமா என்று கேட்கிறோம்.

நோய் ஆராய்ச்சிக்காரர் கணக்கு வேறு. காஞ்சீபுரம் அன்று சேர்ந்திருந்த செங்கற்பட்டு ஜில்லாவிலே, 1968 முதல் 1971 வரை, காச நோய்க்கான பி.சி.ஜி. ஊசியைச் சுமார் 2,81,000 பேரிடம் சோதித்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தில்லா ஊசி என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தீர்மானித்தார்கள். எது தமக்குப் போடப்பட்டது என்பது போட்டுக்கொண்டவருக்கே தெரியாது. இரு கூட்டத்தாரையும் 15 வருஷம் தொடர்ந்து, நோய் கண்டவர்களை எண்ணினார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. பெரிதும் நம்பியிருந்த ஊசிதான். ஆயினும் மறைக்காமல் அச்சிட்டு வெளியிட்டார்கள். மூளையைத் தாக்கும் கொடிய காசத்திலிருந்து குழந்தைகளை அது காப்பது வேறு ஆராய்ச்சிகளால் தெரிந்திருப்பதால், பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறார்கள், போடத்தான் வேண்டும்.

மருந்துக்கு உள்ள பரீட்சை மகானுக்கு மட்டும் ஏன் இல்லை? வேண்டிக்கொண்டவரையும் கொள்ளாதவரையும், பிழைத்தவரையும் செத்தவரையும் சேர்த்து எண்ணட்டுமே!

ஆகவே தோழர்களே, இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், உண்டியலை நாடாமல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளியைச் சோதித்துக்கொள்ளுங்கள். அங்கே சோதனையும் இலவசம், மருந்தும் இலவசம்.