சன்னம் உத்தரவுக்குக் கட்டுப்படாது

2022 ஏப்ரல் 19ஆம் திகதி, ரமழான் நோன்பு நாளொன்றில், கேகாலை மாவட்டத்தின் ரம்புக்கனையில் எரிபொருள் விலையேற்றத்தைக் கண்டித்துத் திரண்ட மக்கள்மீது பொலிஸார் சுட்டதில் 41 வயதுக் குடும்பஸ்தர் ஒருவர் பலியானார். பௌசருக்குத் தீவைப்பதைத் தடுக்க, முழங்காலுக்குக் கீழே சுடுமாறே பணித்ததாக விளக்கம் கூறப்பட்டது.

சன்னம் அவ்வாறு கட்டுப்படுமா? வாகனத்தின் முன்புறக் கண்ணாடி, பிளாஸ்டிக் படலத்தை நடுவில் வைத்து ஒட்டிய இரு தகடுகளாலானது, சாய்வானது. வெளியிலிருந்து பாயும் கைத்துப்பாக்கிச் சன்னம் அதைத் துளைக்கையில் பெரும்பாலும் கீழ்நோக்கித் திரும்பும். உள்ளிருந்து சுட்டாலோ மேல்நோக்கி. செப்பு உறை கழன்று சிதறுவதும் உண்டு. தார் வீதியில் பட்டதும் தெறித்தெழக்கூடும். வெறும் கண்ணாடியே சன்னத்தைத் திசைமாற்றுமெனில், சனநெருக்கடி மிக்க வீதியில் முழங்கால் என்ற எல்லைக்கு என்ன பொருள்?

சுட்டவர்களோடு நில்லாது, உத்தரவிட்ட அதிகாரியையும் கைதுசெய்யுமாறு கேகாலை நீதவான் அம்மாதமே பணித்தமை சரியென்றே நாம் கருதுகிறோம்.