ஆடிக்கு மட்டும்தானா படவேடு?
பஸ்சில் போய் வரும் குடும்பத்துக்கு ஒரு கணக்கு

ஆடி வெள்ளி என்றால் படவேட்டில் கால் வைக்க இடம் இருக்காது. வேனிலும் டிராக்டரிலும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். ரேணுகாம்பாள் கோவிலைச் சுற்றிப் பொங்கல் பானைகள், மொட்டைத் தலைகள்! ஆடி போனதும் கூட்டமும் போய்விடும். ஊட்டி, ஏற்காடு என்று கடன் வாங்கிப் போகிறவர்கள் ஜவ்வாது மலை அடிவாரத்து இந்த ஊரைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

பார்க்க என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. 14-ம் நூற்றாண்டில் சம்புவராய மன்னர்களின் தலைநகரம் இது. விஜயநகரத்துக் குமார கம்பணன் படையெடுத்து வந்து அவர்களை அடக்கினான். அந்தக் காலத்துக் கோவில்களில் பல இடிந்து, மண் மூடிக் கிடந்து, சமீப காலத்தில் புதுப்பிக்கப்பட்டவை. யோக ராமர் கோவிலை மட்டும் விட்டுவிடக் கூடாது. ராமர் கையில் வில்லும் இல்லை, அம்பும் இல்லை. சின்முத்திரையோடு உட்கார்ந்திருக்கிறார். எதிரே அனுமார் சுவடி படிக்கிறார்! பிள்ளைகள் நூறு கேள்வி கேட்பார்கள்.

பஸ் செலவு எவ்வளவு?

கணவன், மனைவி, 10 வயதுப் பையன், 4 வயதுக் குழந்தை என்று வைத்துக்கொள்வோம். 2021 மே முதல் அரசு சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 5 வயது வரை குழந்தைக்கும் இல்லை. இது 2022-ல் வந்த சலுகை. பையனுக்கு அரை டிக்கெட். ஆக, ஒன்றரை டிக்கெட்டில் நாலு பேர்! ஆனால் வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் ரூட் பஸ்சில் ஏறினால் அம்மாவுக்கும் டிக்கெட் உண்டு. சந்தவாசலில் இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டும். காட்பாடி - விழுப்புரம் ரெயில் பாதையில் கண்ணமங்கலம் ஸ்டேஷனும் பக்கம்தான். சாப்பாட்டுக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டால் ஓட்டல் செலவும் மிச்சம்.

கை கடிப்பது அதற்குப் பிறகுதான். செண்பகத்தோப்பு அணை ஊரிலிருந்து சில கிலோ மீட்டர் தள்ளி மலைப் பக்கம் இருக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடக்க முடியுமா? ஆட்டோ பிடித்தால் பஸ்சில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். கோட்டமலை வேணுகோபால சாமியைப் பார்க்கவும் இதே பாடுதான். கார் வைத்திருப்பவருக்கு ஒரே நாளில் எல்லாம் முடிகிறது. பஸ்சில் வருகிறவர் அம்மனை மட்டும் கும்பிட்டுத் திரும்புகிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது கோவில்களையும் அணையையும் சுற்றி ஒரு மினி பஸ் ஓடினால் போதும். வாழைப்பழம் விற்கிறவர்களுக்கும் வருஷம் பூரா வியாபாரம் நடக்கும்.

அணையில் ஜாக்கிரதை!

கமண்டல நதிக்குக் குறுக்கே, சுமார் 62 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்கும் அணை இது. கட்டி முடித்தும் பல வருஷம் ஷட்டர் கோளாறால் முழுசாகத் தண்ணீர் தேக்க முடியவில்லை. பிறகுதான் பழுது பார்த்தார்கள். அதனால் வறண்டு கிடந்த காலத்தில் பார்த்த நினைப்போடு யாரும் பிள்ளைகளை இறங்க விடக் கூடாது. மழைக் காலத்தில் தண்ணீர் திறந்துவிட்டால் ஆற்றங்கரையும் ஆபத்துதான்.

ஜமுனாமரத்தூர், பீமன் அருவி, காவலூர் தொலைநோக்கி என்று அதே நாளில் சேர்த்துக்கொள்ள ஆசைப்பட வேண்டாம். அது மலைமேல் வேறு வழி. இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். சின்னக் கோவில்களில் மதியம் நடை சாத்திவிடுவார்கள். காலையிலேயே போய்ச் சேர வேண்டும். இறங்கும்போதே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.