பானிப்பட்டின் புகையும் நமது சங்கங்களும்

ஆண்டுதோறும் ஐப்பசி பிறந்ததும் டில்லி மாநகரத்தின் காற்று கெட்டுவிட்டது என்ற செய்தி பத்திரிகைகளில் வரத் தொடங்குகிறது. பள்ளிகளை மூடுகின்றனர், கட்டிட வேலைகளை நிறுத்துகின்றனர், பழியைப் பஞ்சாப், ஹரியானா விவசாயிகளின் தலையில் சுமத்துகின்றனர். நம் அங்கத்தினர்களிற் பலர் இதனை வேறோர் உலகத்துச் செய்தியெனப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பி விடுகின்றனர். அவ்வாறு திருப்பி விடுவதற்கில்லை என்பது நமது அபிப்பிராயம். உழுபவனும் நெய்பவனும் ஒரே புகையைச் சுவாசித்து, ஒருவரையொருவர் குறைகூறி நிற்கும் ஊர் ஒன்று அப்பகுதியில் உண்டு. அதுவே பானிப்பட்டு.

டில்லிக்கு வடக்கே சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில் ஹரியானாவில் உள்ளது அவ்வூர். பாடப்புத்தகத்தில் அதனை மூன்று பெரும் போர்களுக்காகப் படித்தோம். ஜவுளித் தொழிலில் இருப்போர் அதனை விரிப்புகளுக்கும் கம்பளிகளுக்கும், வெளிநாடுகளிலிருந்து வந்திறங்கும் பழந்துணிகளைக் கிழித்து மீண்டும் நூலாக்கும் ஆலைகளுக்கும் அறிவார்கள். ஊருக்குள் சாயப்பட்டறைக் கொதிகலன்களின் புகைபோக்கிகள். ஊரைச் சுற்றிலும் நெல்லும் கோதுமையும் மாறிமாறி விளையும் வயல்கள். இரண்டு புகையும் ஒரே வானத்தில் கலக்கின்றன.

வயலில் ஏன் தீ வைக்கிறார்கள்? சோம்பலினால் என்று கூறுவோர் அந்த மண்ணின் கணக்கை அறியாதவர்கள். நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே அங்குள்ள விவசாயிக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வாரமே. கோதுமை விதைப்பு தாமதித்தால், கதிர் முற்றும் பருவத்தில் வெயில் ஏறி மகசூல் குறையும். அறுவடை இயந்திரம் கதிரை அறுத்து மணியைப் பிரித்துக்கொண்டு, அரிதாளை நட்டபடியும் வைக்கோலைச் சிதறியபடியும் விட்டுச் செல்கிறது. அவ்வைக்கோலில் மணற்சத்து மிகுதி என்பதால் அங்குள்ளோர் அதனை மாட்டுக்குப் பெரும்பாலும் இடுவதில்லை; கோதுமை வைக்கோலையே தீவனமாக வைத்துக்கொள்கின்றனர். பஞ்சாபில் மட்டும் ஆண்டொன்றுக்குச் சுமார் 200 லட்சம் டன் நெல் வைக்கோல் சேர்கிறது. கூலி கொடுத்து அப்புறப்படுத்தக் கட்டுப்படியாகாது. தீக்குச்சியின் விலை யாவரும் அறிந்ததே.

இதில் மற்றொன்றையும் நோக்க வேண்டும். நிலத்தடி நீர் ஆண்டுக்காண்டு கீழிறங்குவதைக் கண்டு, 2009-ஆம் ஆண்டில் பஞ்சாபும் ஹரியானாவும் சட்டம் இயற்றின. கடுங்கோடையில் நடவு கூடாது, ஜூன் 10-ஆம் தேதிக்குப் பின்னரே நடவேண்டும் என்று பஞ்சாப் சட்டம் விதித்தது. நீரைக் காக்க அது நல்ல சட்டமே. ஆனால் நடவு தள்ளிப் போனதால் அறுவடையும் தள்ளிப் போயிற்று. தீ மூட்டும் காலம் அக்டோபர் இறுதிக்கும் நவம்பருக்கும் வந்து சேர்ந்தது. அப்போதுதான் வடக்கே குளிர் இறங்குகிறது; காற்றின் வேகம் தணிகிறது; தரையையொட்டிய குளிர்ந்த காற்றின்மேல் வெப்பக்காற்று மூடிபோல் அமர்ந்துவிடுகிறது. முன்பு மேலெழுந்து கலைந்து போன புகை இப்போது தரையோடு தங்குகிறது. நீரைக் காத்த கை காற்றைக் கெடுத்த கதை இது. ஒரு துறையில் சட்டம் இயற்றுவோர் அடுத்த துறையை எட்டிப் பாராவிடில் இவ்விதமே நேரும்.

புகையின் தீமை கண் எரிச்சலோடு நிற்பதன்று. அதிலுள்ள நுண்துகள்கள் 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. தலைமயிரின் கனம் 50 முதல் 70 மைக்ரான் என்றால் அதன் நுண்மையை ஊகித்துக் கொள்ளலாம். மூக்கும் தொண்டையும் தடுக்கவியலாத அத்துகள் நுரையீரலின் அடிவரை சென்று, இரத்தத்திலும் கலக்கிறது. இருமல், இளைப்பு இவற்றோடு மாரடைப்பும் பக்கவாதமும் இதனால் மிகுகின்றன என்று மருத்துவர்கள் நிலைநாட்டியுள்ளனர். ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அறிவித்தது. நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டு விதி 40 வரை அனுமதிக்கிறது. முதற்புகையைக் குடிப்பவன் டில்லிவாசி அல்லன். தீ மூட்டிவிட்டு வரப்பில் நிற்கும் விவசாயியும் அவன் வீட்டுக் குழந்தைகளுமே.

மண்ணும் இழக்கிறது. ஒரு டன் நெல் வைக்கோலில் சுமார் ஐந்தரை கிலோ தழைச்சத்தும், இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் மணிச்சத்தும், 25 கிலோ அளவு சாம்பல்சத்தும் அடங்கியுள்ளன. எரித்தால் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும். மற்றவற்றில் ஒரு பகுதி சாம்பலாகக் காற்றில் பறக்கும். பிறகு அதே விவசாயி அதே சத்தை மூட்டையாகக் கடனில் வாங்குகிறான். கடன் கொடுப்பது நம்மைப் போன்ற சங்கங்களே என்பதை மறக்கலாகாது.

ஆயினும் குற்றம் முழுவதையும் உழவன்மேல் ஏற்றுவது நியாயமன்று. அறுவடைக் காலத்தில் சில நாட்கள் டில்லியின் நுண்துகளில் மூன்றிலொரு பங்கையும் தாண்டி வயற்புகை இருந்ததுண்டு. ஆண்டின் மற்ற மாதங்களிலோ வாகனங்களும், சாலைப் புழுதியும், ஆலைகளும், குப்பைத் தீயுமே காரணங்கள். செயற்கைக்கோள் கணக்கின்படி பஞ்சாபில் 2020-இல் சுமார் 83,000 இடங்களில் எரிந்த தீ, 2024-இல் 11,000-க்கும் கீழே இறங்கியது. செயற்கைக்கோள் கடந்து சென்ற பின் மாலையில் தீ வைப்போரும் உண்டென்பதால் இக்குறைவை அப்படியே ஏற்க வேண்டாம் என்பாரும் உளர். எவ்வாறாயினும் அவ்வாண்டு நவம்பரிலும் டில்லியின் காற்று மிக மோசமாகவே இருந்தது. அதே மாதத்தில் மத்திய அரசாங்கம் அபராதத்தை இரட்டிப்பாக்கி, இரண்டு ஏக்கருக்குக் குறைந்தவனுக்கு 5,000 ரூபாய், ஐந்து ஏக்கர் வரை 10,000, அதற்கு மேல் 30,000 என்று விதித்தது. வாகனத்திற்கும் ஆலைக்கும் இதே கண்டிப்பு காட்டப்பட்டால் உழவனும் தலைவணங்குவான்.

நமக்கு முக்கியமான பகுதி இனிமேல்தான் வருகிறது. 2018-ஆம் ஆண்டு முதல், வைக்கோலை எரிக்காமல் அதனூடே கோதுமையை விதைக்கும் இயந்திரங்களுக்கு மத்திய அரசாங்கம் மானியம் அளித்தது. தனி விவசாயிக்குப் பாதி விலை. கூட்டுறவுச் சங்கம் வாங்கினால் நூற்றுக்கு எண்பது. கூட்டுறவுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறென்ன? ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இடர்ப்பாடு தெரியும். ஓர் இயந்திரம் நாளொன்றுக்கு ஆறேழு ஏக்கர் விதைக்கும். இருபது நாட்களில் 120 முதல் 140 ஏக்கர். ஆயிரம் ஏக்கர் உள்ள கிராமத்திற்கு ஏழெட்டு இயந்திரங்கள் வேண்டும். அனைவருக்கும் அதே இருபது நாட்களில் வேண்டும். மற்ற நாட்களில் அவை கொட்டகையில் துருப்பிடிக்கும். முறை வருமென்று காத்திருந்து ஈரம் போய்விடுமோ என்றஞ்சும் சிறு விவசாயி கடைசியில் தீப்பெட்டியை நாடுகிறான். மானியத்தால் இயந்திரம் வரலாம். யாருக்கு முதல் நாள், யாருக்குப் பதினைந்தாம் நாள் என்று தகராறின்றித் தீர்மானிக்கும் நிர்வாகம் மானியத்தில் வருவதில்லை.

பானிப்பட்டு நெசவாளர் பக்கமும் பார்ப்போம். தலைநகரப் பகுதி முழுவதிலும் ஆலைகள் நிலக்கரி எரிப்பது 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்யப்பட்டது. பானிப்பட்டு அப்பகுதிக்குள் அடங்கும். எரிவாயுக்கு மாறுவது பெரிய ஆலைக்குச் சுலபம். சிறிய சாயப்பட்டறைக்குப் பெருஞ்செலவு. 2021 நவம்பரில் காற்று கெட்டபோது, எரிவாயுக்கு மாறாத ஆலைகளின் வேலைநாட்களைக் குறைக்கும் உத்தரவும் வந்தது. ஆலை நின்றால் வாரக்கூலி நிற்கும். ஆதலின் காற்று கெடுவதற்குரிய தண்டனையைக் காற்றைக் கெடுத்தவனுக்கு முன்பே தறிக்காரன் செலுத்திவிடுகிறான். ஆலைக்குள்ளோ, பழந்துணியைக் கிழித்துப் பஞ்சாக்கும் கூடத்தில் தூசி வேறு. பஞ்சுத்தூசியால் வரும் மார்பு இறுக்கம் வாரவிடுமுறை கழிந்த முதல் நாளிலேயே அதிகம் வருத்தும். நாளடைவில் நிலையான நோயாகும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதனை அறிவிக்கத்தக்க நோய்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. வீட்டில் தறி வைத்திருப்பவரை அப்பட்டியல் எட்டியதில்லை.

அவ்வூரிலேயே நல்லதொரு காரியமும் நடந்துள்ளது. 2022 ஆகஸ்டு 10-ஆம் தேதி பானிப்பட்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தருகே, ஆண்டுக்குச் சுமார் இரண்டு லட்சம் டன் வைக்கோலிலிருந்து மூன்று கோடி லிட்டர் எரிசாராயம் எடுக்கும் ஆலை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆனால் பஞ்சாபின் 200 லட்சம் டன்னுக்கு எதிரே இரண்டு லட்சம் எம்மாத்திரம்?

நம் மாநிலத்தில் நிலை வேறு. இங்கே நெல் வைக்கோல் மாட்டுத் தீவனம், கட்டுக்கட்டாக விலைபோகிறது. அதில் நாம் பெருமைப்பட இடமுண்டு. எனினும் வெட்டு முடிந்ததும், மறுதாம்புக்கு வழிவிட, கரும்புத் தோகைக்குத் தீ வைப்பது நம் பகுதிகளில் இன்றும் வழக்கம். பருத்தி மார் அடுப்புக்குப் போனது போக மீந்தது வரப்பிலேயே எரிகிறது. விசைத்தறிக் கூடங்களின் பின்புறம் செயற்கை இழைக் கழிவைக் கொளுத்துவதையும் கண்டிருக்கிறோம். அப்புகையின் நெடி பருத்திப் புகையைவிடக் கொடியது. தோகையை நறுக்கி மண்மேல் பரப்பினால் ஈரம் தங்கும், களை குறையும், அடுத்த பயிருக்கு எருவாகும். அவ்வியந்திரத்தைத் தனி ஒருவர் வாங்க இயலாது.

ஆதலின் கரும்பு வெட்டுத் தொடங்குமுன் நடைபெறும் மகாசபைக் கூட்டங்களில், தோகை நறுக்கும் இயந்திரத்தைச் சங்கம் வாங்கி வாடகைக்கு விடும் தீர்மானத்தை நிர்வாகக் குழுவினர் கொண்டுவர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். நெசவாளர் சங்கங்கள் நூற்கழிவை மாதம் ஒருமுறை மொத்தமாகச் சேகரித்து விற்க ஏற்பாடு செய்யலாம். வாங்குவோர் இருக்கவே செய்கிறார்கள். இயந்திரம் வந்து இறங்குமுன்பே, எந்த வாய்க்காலின் நிலத்திற்கு எந்தத் தேதி என்ற முறைப்பட்டியலை எழுதிச் சங்கக் கட்டிட வாயிலில் ஒட்டிவிட வேண்டும். அப்பட்டியலில் தலைவரின் நிலம் முதல் நாளில் இல்லாதிருப்பது நலம்.