விட்டு விட்டு வரும் கோளாறும் பூட்டி வைத்த வரைபடமும்

2023 ஏப்ரல் 1 முதல் கார்களுக்கு பிஎஸ்-6 இரண்டாம் கட்டம் கட்டாயமாகிவிட்டது. சாலையில் ஓட்டிப் பார்க்கும் புகைச் சோதனையைப் பற்றி நாளிதழ்கள் நிறைய எழுதிவிட்டன. நம் பட்டறை வாசலுக்கு வரப்போவது அதுவல்ல, இறுக்கப்பட்ட ஓபிடி விதிகள். கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார், இஜிஆர் எல்லாவற்றையும் வண்டி தானே சோதித்துக்கொள்ள வேண்டும். எத்தனை ஓட்டத்துக்கு எத்தனை முறை சோதித்தது என்ற கணக்கையும் ஈசியு வைத்திருக்க வேண்டும். செக் எஞ்சின் விளக்கு இனி அடிக்கடி எரியும். எரிந்து தானே அணைந்த வண்டிகளும் அதிகம் வரும்.

இந்த விதியை நாம் ஆதரிக்கிறோம். வாலாஜாபாத் சாலையில் லாரிப் புகைக்குள் தினமும் வந்துபோகிற எவரும் எதிர்க்க மாட்டார்கள். விதியோடு சேர்த்து வந்திருக்க வேண்டிய ஒன்று வரவில்லை என்பதுதான் நம் வருத்தம்.

முதலில் தொழில் பேச்சு. விட்டு விட்டு வரும் சென்சார் கோளாறில் நம்மில் பலர் செய்கிற பெரிய கெடுதல், வண்டி உள்ளே வந்ததுமே கோளாறுக் கோடை அழிப்பது. அதோடு ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். கோளாறு விழுந்த நொடியில் ஆர்பிஎம் என்ன, கூலன்ட் சூடு என்ன, லோடு என்ன என்று சொல்ல வேறு சாட்சி கிடையாது. விளக்கு அணைந்திருந்தாலும் தடயம் இருக்கும். பொதுவாக மூன்று ஓட்டச் சுற்றில் கோளாறு தலைகாட்டாவிட்டால் விளக்கு அணையும். கோடு நினைவை விட்டு நீங்க 40 வார்ம்-அப் சுற்று ஆகும். பெண்டிங் கோடுகளையும் சேர்த்து எழுதிக்கொண்ட பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும்.

சென்ற வைகாசியில் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கருட சேவை நெரிசலில், பொன்னேரிக்கரை பக்கம் ஏசி போட்டபடி ஊர்ந்துகொண்டிருந்த ஒரு பெட்ரோல் கார் அணைந்துபோனது. அரை மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. கோடு பி0335, கிராங்க் சென்சார். சூட்டில் செத்து ஆறினால் பிழைக்கிற கிராங்க் சென்சாரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பட்டுக் கடைக்காரரான உரிமையாளர் வேறு வேறு இடங்களில் சென்சாரை இரண்டு முறை மாற்றிவிட்டுத்தான் நம்மிடம் வந்தார்.

பெண்டிங்கில் மேப் சென்சார் கோடும் இருந்தது. இரண்டு சென்சாருக்கும் ஒரே நேரத்தில் நோய் வராது. ஐந்து வோல்ட் ரெஃபரன்ஸில் மீட்டரை வைத்துவிட்டு ஏசியைப் போட்டோம். ஃபேன் சுற்றத் தொடங்கியதும் ரெஃபரன்ஸ் ஒரு வோல்ட்டுக்கும் கீழே சரிந்தது. ஏசி பிரஷர் சென்சாருக்குப் போகும் வயர், கண்டன்சர் ஃபேன் பிராக்கெட்டில் உரசி உரசி உள்கம்பி வெளியே தெரிந்தது. ஒரு நெல் நீளம் கூட இராது. ஃபேன் அதிரும்போதெல்லாம் அது பாடியில் பட்டு, அந்த லைனில் இருந்த எல்லாச் சென்சாரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது. வண்டி மறுபடி ஓடியது ஆறியதால் அல்ல. ஏசி அணைந்து ஃபேன் நின்றதால். டேப் சுற்றி, ஹார்னஸைத் தள்ளிக் கட்டி கிளிப் போட்டதோடு வேலை முடிந்தது.

அந்தக் காரில் ஏசி பிரஷர் சென்சாரும் கிராங்க் சென்சாரும் மேப் சென்சாரும் ஒரே ரெஃபரன்ஸில் இருக்கின்றன என்பது வயரிங் வரைபடத்தைப் பார்த்தவருக்கு ஒரு நிமிட வேலை. நம்மிடம் வரைபடம் இல்லை. ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றிக் கழற்றி அந்த லைனைப் பிடிக்க ஒரு நாள் முழுவதும் போனது.

நிரந்தரக் கோளாறை வரைபடம் இல்லாமலும் சமாளிக்கலாம், பாகத்தை மாற்றினால் தெரிந்துவிடும். விட்டு விட்டு வருவதில் புது சென்சார் போட்டதும் வண்டி ஓடும். சரியாகிவிட்டது என்று நம்பிப் பணம் வாங்குவோம். பத்து நாளில் திரும்பி வரும். அப்போது கெடுவது நம் பெயர். வரைபடத்தைப் பூட்டி வைத்தவர் பெயரை யாரும் கேட்பதில்லை.

இதைப் பற்றி அரசுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும், வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்றும் உத்தரவிட்டது. அந்த உத்தரவு மேல்முறையீடுகளுக்குள் போயிற்று. அபராதச் சண்டை நடக்கட்டும். நமக்குத் தரச் சொன்னது எங்கே? 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. டிசம்பரில் போர்ட்டல் திறந்தது. அந்தத் திட்டத்தில் வாகனத் துறையும் உண்டு. அதில் உள்ள கஸ்டமர் கேர் எண் நமக்கு எதற்கு? வேண்டியது பின்-அவுட்.

ஐரோப்பாவில் 2018/858 என்ற ஒழுங்குமுறைப்படி, பழுதுபார்க்கும் விவரங்களைத் தனிப் பட்டறைக்கும் தராத நிறுவனம் விதியை மீறியதாகும். மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இலேயே சட்டம் போட்டது. இங்கே டைப் அப்ரூவலுக்காக ஓபிடி எதை எப்படிக் கண்காணிக்கிறது என்று நிறுவனம் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். அந்த விவரம் சோதனை நிலையத்தோடு நின்றுவிடுகிறது. ஒரகடத்தில் அரசே கட்டிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் உருண்டு வருகிறது. இதே மாவட்டத்தில் தயாராகிற காரின் வரைபடம், இதே மாவட்டத்தில் பட்டறை வைத்திருப்பவனுக்கு நியாயமான விலைக்குக் கூடக் கிடைக்காது! நிலமும் சலுகையும் கொடுத்தபோது இந்த ஒரு நிபந்தனையைப் போட எந்த அதிகாரிக்கும் தோன்றவில்லை. கோளாறைக் கண்டுபிடிக்க வண்டிக்குக் கட்டளை இடுகிற போக்குவரத்து அமைச்சகம், அதைச் சரிசெய்கிறவனைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

டைப் அப்ரூவல் வேண்டுமானால் வயரிங் வரைபடமும் நிறுவனத்தின் சொந்தக் கோடுகளின் விளக்கமும் கட்டணத்துக்கேனும் பொதுவில் கிடைக்க வேண்டும் என்று விதியிலேயே எழுத வேண்டும். இதைக் கேட்க வெறும் புலம்பல் போதாது. வரைபடம் இல்லாததால் நாள் வீணான, பாகம் வீணாக மாற்றப்பட்ட ஒவ்வொரு வண்டிக்கும் ஜாப் கார்டில் மாடல், கோடு, ஃப்ரீஸ் ஃப்ரேம், கேட்ட விவரம், கிடைத்த பதில் ஐந்தையும் எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயரையும் வண்டி எண்ணையும் அடித்துவிட்டு நகல் அனுப்புங்கள். தொகுத்து நுகர்வோர் விவகாரத் துறைக்கும் போட்டி ஆணையத்துக்கும் இதழின் பெயரில் அனுப்புகிறோம். நகல்கள் இம்மாத இறுதிக்குள் வந்து சேர வேண்டும்.